பொட்டு வைத்த வரைபடம்

சென்னை,
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வெற்றிச்செல்வன் எழுதுவது. இங்கே நான் சுகம். வயிற்று எரிச்சல் மட்டும் வாடகை கொடுக்காமல் கூடவே குடியிருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சின்னராசு மாமா தைலம் தேய்த்துவிடுகிறாரா, தேய்த்துவிட்டதாக ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறாரா?

போனில் பேசினால் உன் டிபன் கடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் காது கொடுக்கிறார்கள், கடிதம் போடு என்று சொன்னாயே, அதனால்தான் இது. தபால்காரர் தினமும் உன் கடையில்தான் டீ குடிக்கிறார், எப்படியும் வந்து சேர்ந்துவிடும்.

பெரிய செய்தி ஒன்று. ஜவ்வாது மலையில் உங்கள் புங்கமரத்தூருக்கு வளர்ச்சித் திட்டம் போடும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது. வரும் வருடங்களில் ஊரில் எது எங்கே வரவேண்டும் என்று வரைந்து கொடுக்கவேண்டும். வரைந்தது யார் தெரியுமா? உன் தம்பி! செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமலேயே முடித்துவிட்டேன். சந்தை, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், சனி ஞாயிறு மலைக்கு வருகிற கார்களுக்கு நிறுத்துமிடம், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நிறம். ஊராட்சிச் சுவரில் ஒட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். போய்ப் பார். மூலையில் பொடி எழுத்தில் என் பெயர் இருக்கும்.

ஒரே ஒரு தொல்லை. இப்போதெல்லாம் நகரமைப்பாளன் வரைந்தால் மட்டும் போதாதாம். ஊருக்கே போய், மக்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் கருத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டுமாம். நான் படித்த காலத்தில் இந்த வழக்கமெல்லாம் கிடையாது. கல்யாணத் தரகர் மாதிரி வீடு வீடாக ஏறி இறங்கவேண்டும் போலிருக்கிறது. போகட்டும், அந்தச் சாக்கில் உன் கையால் கேழ்வரகு அடை கிடைக்கும்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். காலைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
செல்வம்

*

புங்கமரத்தூர்,
20 பிப்ரவரி 2025

தம்பி செல்வத்துக்கு அக்கா ரேணுகாதேவியின் ஆசீர்வாதம்.

நாங்கள் சௌக்கியம். தைலத்தை மாமா தன் தோளுக்கே தேய்த்துக்கொள்கிறார். என் முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது. உன் வயிற்றுக்கு மோர் குடி, கண்ட நேரத்தில் டீ குடிக்காதே. டீக்கடைக்காரியே சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன் படத்தைப் பார்த்தேன். துணைக்குப் பச்சையம்மாவையும் கூட்டிப்போனேன். நம் கடை வாசலில் சாக்கை விரித்துச் சாமை விற்பாளே, அவள்தான். படம் அழகாகத்தான் இருக்கிறது. உன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பச்சையம்மாதான் அங்கிருந்த கிளார்க்கைக் கேட்டாள்.

"இதுல அக்கா கட எங்க கீதுங்க?"

"இதோ, இந்தச் சாம்பல் கலரு."

"சாம்பல் கலருன்னா இன்னாங்க?"

"கார் நிறுத்துற எடம்மா."

செல்வம், பஸ் நிறுத்தத்துப் புங்க மரத்தடியில் இருக்கிற நம் கடையின்மேல் நீ காரை நிறுத்தியிருக்கிறாய். நிலம் புறம்போக்கு, நமக்குப் பட்டா கிடையாது, காலி செய் என்றால் செய்யத்தான் வேண்டும். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சந்தவாசலில் பிறந்து, கட்டிக்கொடுத்து மலையேறி வந்த பிறகு நானாக உண்டாக்கியது இந்தக் கடை ஒன்றுதான். மாமா இடுப்பு அடிபட்டுப் படுத்தபோது வீட்டில் அடுப்பு எரிந்ததும் இதனால்தான். இது போனால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது.

கோபமாக எழுதவில்லை. அந்தச் சாம்பல் கலருக்குப் பதில் வேறு நல்ல கலர் இருக்கிறதா என்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா

*

சென்னை,
1 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே இருந்து பார்த்தால் மரத்தின் தலைதான் தெரிகிறது, அதைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம். மரத்தடியில் ஒரு கடை இருப்பது வானத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். அங்கே உட்கார்ந்து எத்தனை தோசை தின்றிருப்பேன்! வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஒட்டியிருப்பது வரைவுதான், மாற்றலாம். ஆனால் நானே சத்தமில்லாமல் மாற்றினால், அக்கா கடை என்பதால் மாற்றிவிட்டான் என்று நாளை ஒரு பேச்சு வரும். உனக்கும் கெட்ட பெயர், எனக்கும் கெட்ட பெயர். ஊர் சொல்லி மாற்றினால் யாரும் வாய் திறக்க முடியாது.

அதற்கு வழி இருக்கிறது. மார்ச் 22, சந்தை நாள். படத்தைப் பெரிய பலகையில் ஒட்டி நிறுத்துவோம். வருகிறவர்களுக்கு வட்ட ஸ்டிக்கர் கொடுப்போம். ஓர் இடம் வேண்டும் என்றால் அதில் பச்சை, வேண்டாம் என்றால் சிவப்பு, கருத்து இல்லை என்றால் கறுப்பு. உன் கடையைப் படத்தில் தனியாகக் குறித்துப் பெயரும் எழுதிவிட்டேன். ஊரே உன் கடையில் சாப்பிடுகிறது. பச்சை கொட்டப்போகிறது, பார்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

செல்வம்

*

புங்கமரத்தூர்,
12 மார்ச் 2025

தம்பிக்கு,

எல்லாரும் நலம். நீயும் நலமாக இருக்க படவேடு அம்மனை வேண்டிக்கொண்டேன்.

நீ சொன்னதுதான் சரி. அன்றைக்கு நான் ஊரிலேயே இருக்கப்போவதில்லை. சந்தவாசலில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம், கடையைச் சாத்திவிட்டு மாமாவோடு போகிறேன். நான் இருந்தால், ஆபீசர் அக்கா சும்மா தோசை போட்டு ஆள் சேர்க்கிறாள் என்பார்கள். நீயும் எனக்காக வாய் திறக்காதே, ஊர் பேசட்டும்.

வீட்டுச் சாவி பச்சையம்மாவிடம். இட்லிப் பொடி மேல் பலகையில். எண்ணெயை அளவாக ஊற்றிக்கொள்.

அக்கா

*

சென்னை,
10 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

கூட்டம் நன்றாக நடந்தது. ஸ்டிக்கர் பெட்டியைப் போளூர் பஸ்சிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். நல்லவேளையாகச் சந்தையில் வளையல் கடைக்காரர் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் வைத்திருந்தார். அதே மூன்று நிறங்களில், அதே வட்டம். மொத்தமாக வாங்கி வைத்துவிட்டு, எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று பலகையில் எழுதினேன், மைக்கிலும் இரண்டு தடவை சொன்னேன். அதற்குள் ஏரிக்கரையைக் காட்டுகிறேன் என்று ஊராட்சியிலிருந்து ஒருவர் இழுத்துப்போய்விட்டார். திரும்பி வந்தபோது பலகை நிறைந்திருந்தது. அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. சும்மா கேட்கிறேன், கடையில் வியாபாரம் எப்படி? ஊரில் யாரோடாவது மனஸ்தாபமா? டீயில் பால் முன்போலவே ஊற்றுகிறாயா? ஆலங்காயத்தில் கடை வைத்தால் நன்றாக ஓடும் என்கிறார்கள். ஒரு யோசனைதான்.

செல்வம்

*

புங்கமரத்தூர்,
20 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

நலம் விசாரித்து நீ ஒரு வரிகூட எழுதவில்லை. என் முழங்காலை மறந்துவிட்டு என் டீயில் பாலை அளக்கிறாய்!

யாரோடு எனக்கு மனஸ்தாபம்? கடன் சொல்லிச் சாப்பிட்டவனைக்கூட நான் முறைத்ததில்லை. உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கிறேன், இவனா, இவளா என்று. எல்லாரும் சிரிக்கிறார்கள். பச்சையம்மாவைக் கேட்டேன். "நல்லா வெச்சோம்க்கா, ஒரு கொறையும் இல்ல. வரிசையில நின்னு வெச்சோம்" என்கிறாள். அப்புறம் நான் ஏன் ஆலங்காயம் போகவேண்டும்?

எதையோ மறைக்கிறாய். உனக்கு மறைக்க வராது, மறைத்தால் வயிறு எரியும். எழுதிவிடு, உன் வயிறாவது ஆறும்.

அக்கா

*

சென்னை,
2 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு எரிகிறது, நிஜம்தான்.

உன் கடை இருக்கும் இடம் தெரியவில்லை அக்கா. அவ்வளவு சிவப்பு. ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, இடம் போதாமல் பக்கத்து ரோடு வரைக்கும் வழிந்திருக்கிறது. கடைக்கு ஒரு பச்சைகூட இல்லை. பச்சையெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் விழுந்திருக்கிறது.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? உன் கையால் சாப்பிட்ட ஊர், நீ இல்லாத நாளாகப் பார்த்து இப்படிச் செய்துவிட்டதே என்று பஸ்சில் வரும்போது அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

உன் ஊர்க்காரர்களுக்கு எதுவுமே பிடிக்கவில்லை போலிருக்கிறது. முருகன் கோயிலுக்கும் சிவப்புதான், ஒலிபெருக்கி தொந்தரவாக இருக்கும் என்று அறிக்கையில் எழுதினேன். ஆஸ்பத்திரிக்கும் சிவப்பு. டாக்டர் சரியாக வருவதில்லை என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் சிவப்போடு நிறையக் கறுப்பும் இருந்தது. கல்வியைப் பற்றி மக்களுக்குக் கருத்து இல்லை என்று எழுதினேன். அறிக்கையில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன். ஜூன் கடைசியில் ஒப்புதல் ஆகிவிடும். அதோடு கடை போய்விடும்.

என்னை மன்னித்துவிடு. நீ யார்மீதும் கோபப்படாதே, உடம்புக்கு ஆகாது.

செல்வம்

*

புங்கமரத்தூர்,
6 மே 2025
(ஸ்பீட் போஸ்ட்)

அட மக்குத் தம்பிக்கு,

நலம், நலம், ரொம்ப நலம். சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது, முழங்கால் வலி மறந்தே போச்சு.

உன் கடிதத்தைக் கடையிலேயே உரக்கப் படித்தேன். பச்சையம்மா கையிலிருந்த சாமைப் படியைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னாக்கா சொல்றாரு உன் தம்பி? செகப்புப் பொட்டு வெச்சா ஆவாதுன்னா? நெத்தியில வெக்கிற பொட்ட ஆவாததுக்கு யாருனா வெப்பாங்களா? கோயிலுக்கு மொதல்ல வெச்சதே நான்தான். அடுத்தது உன் கடைக்கு."

"போர்டுல எழுதி மைக்குல கூடச் சொன்னானாமே?"

"மைக்குல இன்னாமோ சொன்னாரு. சந்தை எரைச்சல்ல யாருக்குக் கேட்டுது? கேக்கலாம்னு பாத்தா ஆளு இல்ல, ஏரிக்குப் போய்ட்டாரு."

பள்ளிக்கூடத்துக்குக் கறுப்பு எதற்கு என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பசங்க கீற எடம்க்கா. கண்ணு படாது?"

கேட்டுக்கொண்டாயா? கல்வியைப் பற்றிக் கருத்து இல்லையாம்! பச்சைப் பொட்டெல்லாம் புடவைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று பெண்கள் வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டார்கள். மிச்சத்தை ஒட்டியது சுற்றுலா வேன் டிரைவர்கள்தான். ஆண்பிள்ளைகள், பொட்டின் அருமை தெரியாதவர்கள். நீ பலகையில் எழுதியதைப் படித்து அதன்படி ஒட்டியிருக்கிறார்கள்.

நீ அவ்வளவு தூரம் மலையேறி வந்து, அவர்கள் பொட்டு வைக்கும்போது பக்கத்தில் நிற்காமல் ஏரி பார்க்கப் போனாயே. ஒரே ஒருத்தியைக் கேட்டிருந்தால் போதுமே. போனது போகட்டும்.

என் கடையைவிடு. உன் அறிக்கைப்படி போனால் கோயிலும் ஆஸ்பத்திரியும் அல்லவா போய்விடும்! இன்றைக்கே உன் மேலதிகாரியிடம் சொல். திட்டினால் வாங்கிக்கொள்.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் அழுதேன். அது வேறு விஷயம். ஊர் என்மேல் இத்தனை பொட்டு வைத்திருக்கிறது என்று உன் தப்பால்தானே எனக்குத் தெரிந்தது.

அக்கா

*

சென்னை,
24 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த நாளிலிருந்து மோரே குடிக்காமல் வயிறு சுகமாக இருக்கிறது. மருத்துவ அதிசயம்.

பலகையைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் தலைமை அதிகாரி அம்மாவின் முன்னால் நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "என் மாமியாரைக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பாங்களே!" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோ பொட்டு விழுந்திருக்கே, இந்தக் கடை யாரோடது?" என்று கேட்டார்.

"எங்க அக்காவோடது மேடம்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். தப்புதான் என்று ஒப்புக்கொண்டேன். பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றாயிற்று. கடை விஷயத்தில் இனி எனக்கு எந்த உரிமையும் இல்லை. முடிவு ஆகும்வரை மலையில் கால் வைக்கவும் கூடாது. எனக்குப் பதிலாக உஸ்மா வருகிறார். வாணியம்பாடிப் பெண், கெட்டிக்காரி, யாருக்காகவும் வளைந்துகொடுக்கமாட்டார். ஜூன் 14 சந்தைக்கு வருவார்.

கடை நிற்குமா என்று எனக்குத் தெரியாது அக்கா. பொட்டு விழுந்ததால் மட்டும் நிற்காது. கார்கள் எங்கேயாவது நிற்கத்தானே வேண்டும். இந்தத் தடவை நீ ஊரைவிட்டுப் போகாதே.

மாமாவின் இடுப்பு தேவலையா? பயத்தோடு,
செல்வம்

*

புங்கமரத்தூர்,
16 ஜூன் 2025

தம்பிக்கு ஆசீர்வாதம்.

மாமாவும் நானும் நலம். நீ பயந்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உஸ்மா காலையிலேயே ஆலங்காயம் வழியாக வந்துவிட்டாள். அவளிடம் படமும் இல்லை, மைக்கும் இல்லை. வேனிலிருந்து ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளை இறக்கினாள். நீ படத்தில் வரைந்திருந்த கார் நிறுத்தத்தை, அளவு மாறாமல் தரையிலேயே கோடு போட்டாள். ஒரு கோடு நேராக வந்து என் தோசைக்கல்லுக்கு அடியில் நுழைந்தது. அடுப்பை அணைக்கச் சொன்னாள், அணைத்தேன். பாதி வெந்த தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அப்புறம் டிரைவர்களைக் கூப்பிட்டு, கோட்டுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள். அந்த நேரம் பார்த்துச் செங்கம் பஸ் வந்தது. திரும்ப இடமில்லாமல் ஹாரன் அடித்து ஊரைக் கூட்டிவிட்டது. பச்சைப் பொட்டு வைத்த டிரைவர் ரஞ்சித்தே தலையைச் சொறிந்தான்.

"இது வேலைக்கு ஆவாதுங்க மேடம். பஸ்சே திரும்ப மாட்டேங்குது. ஏரி முக்குல காலியா கீது பாருங்க, அங்க போட்டா நாங்களும் நிழல்ல நிக்கலாம்."

எல்லாரும் ஏரி முக்குக்கு நடந்தோம். அங்கேயும் கோடு போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.

கடை நின்றுவிட்டது, செல்வம்! ஆனால் கதை அதோடு முடியவில்லை. திரும்பி வந்து, பஸ் நிறுத்தத்தில் வேறென்ன குறை என்று பெண்களைக் கேட்டாள். ஒரு குறையும் இல்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் அவள் போகவில்லை. சாக்கில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டு எங்களோடு பேசிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் பச்சையம்மா அவள் காதில் ஏதோ சொன்னாள். சந்தைக்கு வருகிற பெண்கள் ஒதுங்க ஓர் இடம் கிடையாது, காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று. தண்ணீர்க் குழாயும் மறைவும் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். என் கடைக்குப் பின்னால் இருக்கிற விறகுக் கொட்டகை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

டிபன் கடைக்குப் பின்னாலேயே கக்கூசா என்று மாமா முனகினார். எனக்கும் மனம் ஒரு நிமிடம் இழுத்தது. ஆனால் எனக்கு அத்தனை பொட்டு வைத்த ஊருக்கு ஒரு கொட்டகையைக் கொடுக்கமாட்டேனா? கடையை முன்பக்கம் தள்ளிப்போட்டுக்கொள்கிறேன், நடுவில் சுவர் எழுப்பிக் கொடுங்கள் என்றேன். உஸ்மா சரி என்றாள். போகும்போது இரண்டு அடை தின்றுவிட்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் காசு கொடுத்துவிட்டுத்தான் வேனில் ஏறினாள். நல்ல பெண்.

இனி நீ மலையேறலாம்.

அக்கா

*

சென்னை,
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. உஸ்மாவின் சுண்ணாம்புக் கோடுகளை அப்படியே படமாக்கி, மூலையில் எங்கள் இருவர் பெயரையும் போட்டிருக்கிறார்கள். எனக்கும் அவருக்கும் அடுத்த ஊர் செங்கம் பக்கத்தில். இந்தத் தடவை சுண்ணாம்பு மூட்டை என் பொறுப்பு, பஸ்சில் விட்டுவிடாதே என்று இப்போதே கேலி செய்கிறார்கள்.

படத்தின் நகல் ஒன்றை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கடைச் சுவரில் ஒட்டிக்கொள். ஆடிப் பதினெட்டுக்கு வருகிறேன். வந்தால் கூட்டம் கலையும்வரை மரத்தடியை விட்டு நகரமாட்டேன், யார் ஏரி காட்டக் கூப்பிட்டாலும் சரி.

செல்வம்

*

புங்கமரத்தூர்,
28 ஜூலை 2025

தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். முழங்கால்கூடச் சுகம். நீ வரும்போது மாமாவுக்குத் தைலம் ஒரு பாட்டில் வாங்கி வா, உள்ளதையெல்லாம் தோளில் தீர்த்துவிட்டார்.

படம் வந்தது, கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய அன்றே பச்சையம்மா வளையல் கடையிலிருந்து பொட்டு அட்டையோடு வந்துவிட்டாள், பின்னாலேயே மற்றவர்களும். கோயிலுக்குச் சிவப்பு, ஆஸ்பத்திரிக்குச் சிவப்பு, கடைக்குச் சிவப்பு. இன்னும் கட்டவேயில்லாத கக்கூசுக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகச் சிவப்பு. ரஞ்சித் இந்தத் தடவை விவரமாகி, ஏரி முக்குக்கும் சிவப்பே வைத்தான்.

எல்லாரும் போன பிறகு நானும் ஒன்று வைத்தேன். கீழே மூலையில், உன் பெயர்மேல், கறுப்பு. கருத்து இல்லை என்று எழுதிக்கொள்ளாதே.

அடைக்கு மாவு அரைத்து வைக்கிறேன், சீக்கிரம் வா.

உன் அக்கா,
ரேணு